முட்டாள் வேடம் கட்டுவது சுலபமா?

தமிழ்ச் சங்க ஆண்டு விழா நாடகங்களில் பங்கெடுத்த அன்பர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ராஜா வேடத்துக்கும் வக்கீல் வேடத்துக்கும் ஆள் கிடைத்துவிடும். ஒன்றும் புரியாத வேலைக்காரன், அசட்டு மருமகன், மந்தபுத்தி கான்ஸ்டபிள் ஆகிய வேடங்களுக்குத்தான் ஆள் அகப்படாது. அகப்பட்டாலும் இரண்டாவது காட்சியில் அவர் வேடத்தை மறந்து தம் ஆபீஸ் மூளையைக் காட்டிவிடுவார். அதுவரை கதையோடு ஒன்றி உட்கார்ந்திருந்த சபை, "அடடா, இவர் நம்ம அக்கவுண்ட்ஸ் சுப்பிரமணியம் அல்லவா?" என்று விழித்துக்கொண்டுவிடும். இன்று நம் பிள்ளைகள் இதே சிக்கலைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டம். பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் எழுதி வெளியிட்டது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும். தாள், பென்சில், சில பகடைகள், அவற்றில் இருபது முகம் கொண்ட பகடை ஒன்று, இவ்வளவுதான் சாமான். ஒருவர் கதையை நடத்துவார். 'டன்ஜன் மாஸ்டர்' என்று அவருக்குப் பெயர். நாம் சூத்திரதாரி என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "குகை வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய்?" என்று சூத்திரதாரி கேட்பார். பிள்ளை தன் பாத்திரத்தின் வாயால் பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 2016-ல் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் ஆடுவது இதுதான். மூன்று நான்கு மணி நேரம் பிள்ளைகள் கைபேசியைத் தொடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதால், மும்பையில் எங்கள் கட்டடத்தில் இதற்குப் பெற்றோர் ஆதரவு ஏகமனதானது!

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் உண்டு: பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஆதி விதிப்படி ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தது 3, அதிகபட்சம் 18, சராசரி பத்தரை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், உருட்டச் சோம்பல் படுபவர்களுக்காக 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்களைத் தயாராகவே கொடுத்திருக்கிறார்கள். எதை எந்தக் குணத்துக்கு வைப்பது என்பது அவரவர் இஷ்டம். வாள் வீசும் வீரனாக ஆட விரும்பும் பிள்ளை பலத்துக்கு 15 வைக்கிறான். கடைசியில் மிஞ்சும் 8 எங்கே போகும்? பெரும்பாலும் அறிவுக்குத்தான். வாள் வீச மூளை எதற்கு?

வேடிக்கை இங்கேதான் தொடங்குகிறது. அறிவு 8 என்று தாளில் எழுதிய அடுத்த நிமிஷம் பிள்ளையின் வாய் கோணுகிறது. குரல் தடிக்கிறது. வாக்கியத்திலிருந்து வினைச்சொல் காணாமல் போகிறது. "நான் பசி. நான் அடி. கதவு உடை." அரைமணி நேரம் இப்படியே போகும். பிறகு கதையில் ஒரு பூட்டிய கதவும் அதன் மேல் ஒரு விடுகதையும் வரும். பையனோ வகுப்பில் முதல் மாணவன். விடை அவனுக்குத் தெரியும். கையும் வாயும் துறுதுறுக்கின்றன. சட்டென்று நல்ல ஆங்கிலத்தில், காரண காரியத்தோடு விடையைச் சொல்லிவிடுகிறான். மேசையில் எல்லோரும் "ஏய், உன் வீரன் மக்கு அல்லவா?" என்று கத்துகிறார்கள். அவ்வளவுதான், குகையும் போயிற்று, பூதமும் போயிற்று. மிச்சம் இருப்பது சாப்பாட்டு மேசையும் சிப்ஸ் பொட்டலமும்.

இதைவிட மோசமான பிள்ளையும் உண்டு. மக்கு வேடம்தானே என்று, கண்ட இடத்திலெல்லாம் மக்குத்தனம் செய்வான். தூங்குகிற டிராகனின் வாலை இழுப்பான். சமாதானம் பேச வந்த ராஜதூதனை அறைவான். கூட வந்த நால்வரும் சாவார்கள். கேட்டால், "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்பான். இது நடிப்பல்ல, அழும்பு. அசடன் தன் அசட்டுத்தனத்துக்கு முதலில் தானே விலை கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று மணி நேரமாக ஆசையாய் வளர்த்த கதையைக் குலைக்க அந்த 8 ஒன்றும் அனுமதிச் சீட்டல்ல.

உண்மையில் அந்த 8 என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 என்பது சாதாரண மனிதன். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, அறிவைச் சோதிக்கும் கட்டம் வந்தால் 8 உள்ளவன் இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒன்றே ஒன்று! அதாவது சாதாரண மனிதனைவிட இருபது முறைக்கு ஒரு முறை அதிகமாகத் தவறுவான். நம் ஆபீஸ்களில் இருபதுக்கு ஒரு முறை மட்டும் கூடுதலாகத் தவறுகிறவரை நாம் மக்கு என்று சொல்வதில்லை. சூப்பரின்டென்டன்ட் என்று சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் அறிவு வேறு, விவேகம் வேறு. சரித்திரம், மந்திர சாஸ்திரம், துப்புத் துலக்குவது எல்லாம் அறிவின் கணக்கில் வரும். எதிரே நிற்பவன் பொய் சொல்கிறானா என்று உணர்வது, புதரில் சலசலப்பு கேட்கிறதா என்று கவனிப்பது, மிரண்ட குதிரையைச் சாந்தப்படுத்துவது எல்லாம் விவேகத்தின் கணக்கு. அறிவு 8, விவேகம் 14 என்று ஒரே ஆளுக்கு இருக்கலாம். அப்படிப்பட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்து, "இந்த இடம் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அது பலிக்கும்.

அப்படியிருக்க, மக்கு வேடம் என்றதும் பிள்ளைகள் ஏன் பேச்சை உடைக்கிறார்கள்? இதில் ஆட்டத்தின் விதிகளுக்கும் பங்கு உண்டு. 1974-ல் வந்த முதல் விதிப் புத்தகத்தில், அறிவு 10-க்கு மேல் போகும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மொழி கூடுதலாகக் கற்கலாம் என்று இருந்தது. 1981-ல் வந்த 'பேசிக்' பதிப்பில், அறிவு 3 உள்ளவன் பேசவே தடுமாறுவான், எழுதப் படிக்க மாட்டான் என்று அட்டவணையே போட்டார்கள். நாவையும் புத்தியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். முதல் விதியின்படி பார்த்தால், மாட்டுங்காவில் பூ விற்கும் நம் ஊர் அம்மாள், தமிழோடு இந்தி, மராத்தி, குஜராத்தி மூன்றிலும் பேரம் பேசுகிறார். அவருக்கு அறிவு 13-க்குக் குறையக் கூடாது! அந்த விதியை எழுதியவர்கள் மாட்டுங்கா பக்கம் வந்ததில்லை போலும்.

இது வெறும் விளையாட்டு விஷயம் என்று நானும் விட்டிருப்பேன். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தமிழ்ப் பையன்தான், பம்பாயில் மூன்றாம் தலைமுறை. அவனுடைய வீரனுக்கு அறிவு 8. அன்றைக்கு ஆட்டம் இந்தியில் நடந்தது. அவன் அந்த வீரனுக்கு ஒரு குரல் கொடுத்தான்: ஆண்பால் பெண்பால் குழம்பிய இந்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ஐயோ", கடைசியில் ஒரு "ஜீ". பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். உள்ளறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் அம்மா தலையை நீட்டி, "அந்தப் பையன் யாரைப் போலப் பேசறான்? நான் காய்கறிக்காரன்கிட்ட பேசற மாதிரின்னா இருக்கு" என்றாள். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அப்பா காலமான பிறகு கும்பகோணத்திலிருந்து இங்கே வந்தவள் அம்மா. "மேரா பேட்டி ஆயேகா" என்றுதான் இன்றும் சொல்வாள். ஆனால் முக்கால் கிலோ வெண்டைக்காய்க்கும் கால் கிலோ இஞ்சிக்கும் சேர்த்து, கடைக்காரன் கைபேசியில் கணக்கைத் தட்டி முடிப்பதற்குள் சில்லறையை எண்ணி நீட்டிவிடுவாள். அவளுடைய இந்தியைக் கேட்டவன் அவளுக்கு 8 போடுவான். அவளிடம் கணக்கில் ஏமாற்றப் பார்த்தவன் வேறு எண் போடுவான்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குரல் அவனுக்கு வீட்டில் கிடைத்ததல்ல, சினிமாவில் கிடைத்தது. 1968-ல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்ததை நம்மில் பலர் ரசித்தே பார்த்தோம். 1990-ல் வந்த 'அக்னிபத்' படத்தில் மிதுன் சக்கரவர்த்தி இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ.யாக வந்தார். எம்.ஏ. படித்தவர்தான், ஆனாலும் வாயைத் திறந்தால் தியேட்டரில் சிரிப்பு. வடக்கே வேலைக்கு வந்த நம் தலைமுறைக்கு இந்தச் சிரிப்பு பழக்கமானது. ஊரில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள், இங்கே ரேஷன் கடை வரிசையில் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறோம். நமக்குப் பின்னால் நின்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே உடைந்த பேச்சுக்கும் உடைந்த மூளைக்கும் சம்பந்தமில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மந்தபுத்திக்காரனை எப்படித்தான் நடிப்பது? நம்மிடமே நல்ல பாடப்புத்தகம் இருக்கிறது. 1680-ல் இத்தாலியில் பிறந்து, தமிழகத்துக்கு வந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதைதான் அது. குருவும் மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்ற ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருந்தால் ஆபத்து என்று பயம். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான். சுர்ரென்று புகைகிறது. ஆறு விழித்திருக்கிறது! காத்திருந்து, அணைந்துபோன அதே கட்டையை மறுபடி வைக்கிறார்கள். சத்தமில்லை. ஆறு தூங்குகிறது, கடந்துவிடலாம்.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தது, சோதனை செய்தார்கள், முடிவைக் கண்டார்கள், பொறுத்திருந்தார்கள், மறுபடி சோதித்தார்கள். விஞ்ஞானி செய்வதும் இதைத்தானே? ஆறு தூங்கும் என்ற ஒரே ஓர் எண்ணம்தான் தவறு. அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒழுங்கான தர்க்கம். அக்கரை சேர்ந்து ஆட்களை எண்ணும்போதும் அப்படியே. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். எண்ணத் தெரியாதவர்கள் அல்லர், நன்றாகவே எண்ணுகிறார்கள். அவர்கள் யாரும் வாயைக் கோணிக்கொண்டு பேசவுமில்லை.

மந்தபுத்திக்காரனுக்கும் காரணம் உண்டு. அது அவனுடைய காரணம். அதைக் கண்டுபிடித்து நடித்துவிட்டால் வேடம் கலையாது. அதைவிட்டு, அவனிடம் இல்லாததை நடிக்கப் போனால் மிஞ்சுவது கோணல் வாய்தான். 'கரகாட்டக்காரன்' படத்தில் (1989) வாழைப்பழம் வாங்கிவந்த செந்திலை நினைத்துப் பாருங்கள். வாங்கியது இரண்டு, ஒன்று வயிற்றில், மற்றொன்று கையில். அவர் பக்கத்துக் கணக்கு துல்லியமாகவே இருக்கிறது. கவுண்டமணிக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவதே அதனால்தான். தான் அசட்டுத்தனம் செய்கிறோம் என்று செந்தில் ஒரு கணமாவது கண்ணடித்திருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும்.

'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் (2006) வடிவேலு இரட்டை வேடம். ஒருவன் அசட்டு ராஜா, இன்னொருவன் புத்திசாலி. முகம் ஒன்றுதான். அந்த ராஜா தன்னை மாமன்னன் என்று மனப்பூர்வமாக நம்புகிறான். தான் முட்டாள் என்ற செய்தி அவனுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அதற்கு முன்பே, '16 வயதினிலே' (1977) சப்பாணி. கமலின் நொண்டல் நடையைத்தான் எல்லோரும் மிமிக்ரி செய்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு. இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு, உன் பெயர் கோபாலகிருஷ்ணன் என்று மயில் சொல்கிறாள். அவன் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறான். ஊர் ரவுடியே கூப்பிட்டாலும் கை ஓங்குகிறான். சொன்னதைச் சொன்னபடி செய்வது மந்தபுத்தியா, நேர்மையா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி நடித்ததால்தான் அந்தப் பாத்திரம் இன்னும் நிற்கிறது.

நம் பையனிடம் இவ்வளவையும் நான் பிரசங்கம் செய்யவில்லை. அடுத்த வாரம் அவன் வந்தபோது, "உன் வீரன் எந்த ஊர்? வாள் எடுப்பதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று மட்டும் கேட்டேன். பையன் யோசித்தான். "ஆடு மேய்த்தான், மாமா" என்றான். "அப்போ அவனுக்கு ஆட்டைப் பத்தித் தெரிஞ்சிருக்கணுமே" என்றேன். பையன் கெட்டிக்காரன். உள்ளே போய் என் அம்மாவைக் கேட்டான். அம்மா பிறந்த வீட்டில் ஆடும் மாடும் உண்டு.

அன்றைய ஆட்டத்தில் ஒரு கிராமம் வந்தது. டிராகன் வந்து போய்விட்டதாகவும், ஊர் ஜனங்கள் எல்லோரும் இரண்டு நாளைக்கு முன்பே ஓடிவிட்டதாகவும், தான் மட்டும் மலைமேல் ஒளிந்திருந்து இப்போதுதான் இறங்கி வந்ததாகவும் கிராமத் தலைவன் சொன்னான். மந்திரவாதியாக ஆடிய பெண், அவள் பாத்திரத்துக்கு அறிவு 16, டிராகன் எத்தனை அடி, எந்த நிறம், எந்தத் திசை என்று கேள்விமேல் கேள்வி கேட்டாள். தலைவன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். ஆடு மேய்ப்பவனுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. "பட்டியில் ஆடு இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது என்றார் சூத்திரதாரி. "கத்துகிறதா?" இல்லை, அமைதியாக அசைபோடுகிறது என்றார் அவர், யோசிக்காமல். "அப்போ பால் கறந்தது யார்?" என்றான் பையன். உடைந்த மொழியில் அல்ல, சாதாரணமாக, சற்று மெதுவாக. இரண்டு நாள் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொண்டு ஆடு கதறும் என்று பாட்டி சொல்லியிருந்தாள்.

மேசை அப்படியே நின்றது. தலைவன் பொய் சொல்கிறான், ஊர் ஜனங்கள் எங்கும் போகவில்லை என்பதை மந்திரவாதிப் பெண்தான் கூட்டிக் கழித்துச் சொன்னாள். பையன் அந்த முடிவுக்கு வரவேயில்லை, வராமல் பார்த்துக்கொண்டான். அவன் வீரனுக்கு வேண்டியதெல்லாம் ஆட்டின் கஷ்டம் ஒன்றுதான். பிறகும் அவன், "கறந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே அவர்?" என்று தலைவனையே கேட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தை அவன் கொடுத்தான், முடிவை இன்னொருத்தி எடுத்தாள். வேடமும் கலையவில்லை, கதையும் நகர்ந்தது, அவளுடைய காட்சியை அவன் பறிக்கவுமில்லை.

விடுகதைக் கதவு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பையன் கையைத் தூக்கி, "இது நான் சொல்கிறேன், என் வீரன் சொல்லவில்லை" என்று விடையை மந்திரவாதிப் பெண்ணிடம் கொடுத்துவிடுவான். அவள் அதைத் தன் பாத்திரத்தின் வாயால் சொல்வாள். நாடகத்தில் வசனம் மறந்தவருக்குத் திரை மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லையா, அதைப் போலத்தான்.

போன தீபாவளி விடுமுறையில், ஒரு மாறுதலுக்காகத் தமிழிலேயே ஆடிப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். பெரிய உற்சாகமில்லை, முறுக்குத் தட்டைக் காட்டிச் சம்மதிக்க வைத்தேன். பத்தே நிமிஷத்தில் எல்லோருக்கும் நெற்றி வியர்த்தது. அறிவு 16 உள்ள மந்திரவாதி, எதிரியின் கவனத்தைத் திசைதிருப்பிவிட்டுப் பின்பக்கமாகப் போகலாம் என்று ஒரு பிரமாதமான திட்டம் வைத்திருந்தாள். வாயில் வந்தது, "அவன் அங்கே பாக்கட்டும்... நாம... இப்படி... போ" என்பதுதான். தானே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, "என் மூளைக்குள்ள எல்லாம் இருக்கு மாமா, வெளியே வரலை" என்றாள். அம்மா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் வார்த்தை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பதுங்கு, ஏய்த்துவிடு, வளைத்துக்கொள் என்று ஒவ்வொன்றாக வந்தது.

ஆடு மேய்ப்பவனுக்கு மட்டும் கஷ்டமே இல்லை. ஆடு, புல், கயிறு, பால், பட்டி. அவனுக்கு வேண்டிய சொற்களெல்லாம் அவனிடம் இருந்தன. அன்று மேசையில் அதிகம் பேசியது அவன்தான். இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டார் வந்து பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். டிராகன் இன்னும் சாகவில்லை. அடுத்த முறையும் தமிழில்தான் என்று மந்திரவாதிப் பெண் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சூத்திரதாரி மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.